ஆட்டத்தின் விதியே பாடமாகட்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் துறைசார் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் விளையாட்டு என்றதும், பாடம் முடிந்தபின் மிஞ்சும் பத்து நிமிடத்தில் நடத்தும் குறுக்கெழுத்துப் புதிரே பலருக்கு நினைவுக்கு வருகிறது. புதிரை நான் குறைகூறவில்லை. கலைச்சொல்லைக் கட்டத்தில் நிரப்பிய மாணவர் அதைப் பணியிடத்திலும் பிழையறக் கையாள்வார் என்று நாம் நம்பிவிடுவதுதான் என் கவலை.

1977ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவில், விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். பனிமூட்டம் முதலிய பல காரணங்களோடு மொழியும் அங்கே குறுக்கிட்டது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை விமானியும் அறிவார், தரையிலிருந்து வழிகாட்டும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் அறிவார். ஆயினும் விமானம் ஓடத் தொடங்கிவிட்டதை உணர்த்த விமானத்திலிருந்து சொன்ன தொடரை, அது புறப்படக் காத்து நிற்கிறது என்றே கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். இன்று அந்தச் சொல், புறப்பட அனுமதி தரவும் அந்த அனுமதியை ரத்து செய்யவும் மட்டுமே விமான வானொலித் தொடர்பில் பயன்படுகிறது. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்பார்கள்.

வான்போக்குவரத்து பயிலும் மாணவருக்கு இதை விரிவுரையாகச் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். மாறாக, இருவரை முதுகோடு முதுகாக அமர்த்தி, ஒருவரிடம் ஓடுபாதை வரைபடத்தையும் மற்றவரிடம் பொம்மை விமானத்தையும் கொடுத்துப் பாருங்கள். கேட்ட கட்டளையைத் திருப்பிச் சொல்லாமல் விமானத்தை நகர்த்தக் கூடாது என்பது ஆட்ட விதி. அதுவே அந்தப் பணியின் விதியும் ஆகும். விமானம் தவறான பாதையில் திரும்பியதும், எந்தச் சொல் வழுக்கியது என்று மாணவர்களே தேடத் தொடங்குவார்கள். அந்தத் தேடலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். செவிலியர் வகுப்பில், பணி மாறும் வேளையில் நோயாளியின் நிலையை ஒரே நிமிடத்தில் ஒப்படைக்கும் ஆட்டமும் இவ்வாறே அமையும்.

மதிப்பெண் வழங்கும் முறையில் மட்டும் நான் பிடிவாதக்காரன். இலக்கணம் தவறாமல் பேசியவருக்குப் புள்ளி கொடுத்தால், ஏற்கெனவே சரளமாகப் பேசுகிறவரே ஒவ்வொரு முறையும் வெல்வார். தயங்கும் மாணவர் மேலும் ஒடுங்கிப்போவார். கேட்டவர் சரியாகச் செயல்பட்டால் இருவருக்கும் புள்ளி என்று வையுங்கள். அப்போது, ‘புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்பது வெட்கப்பட வேண்டிய செயலாக இராது. வெல்வதற்கு அதுவே வழியாகிவிடும்.