நாற்பத்தேழாவது வரி

நேயர்களுக்கு வணக்கம். என் அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவர். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தேன். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்தபோது அச்சடித்த, இப்போது செல்லாத வாழைமர நோட்டுகள். அடியில் பழுப்பேறிய கணக்குப் புத்தகம். எனக்கு அகரம் எழுதக் காட்டிய அதே சாய்ந்த கையெழுத்து. மேலே 1943. கீழே 112 பெயர்கள்.

சயாமுக்குப் போனவர்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஆள் வேண்டியிருந்தது. நாளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கூலி என்று ஆசை காட்டினார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று அதட்டினார்கள். ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர்களை வாசித்தவர் அப்பா. வீட்டில் அவர் சொன்னதெல்லாம், "அப்போது மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு" என்ற ஒன்றுதான்.

திரும்பியவர்களுக்குச் சிவப்பு மசியில் புள்ளி வைத்திருக்கிறார். எண்ணினேன், 19. மற்றவர்களைக் காலராவோ பட்டினியோ கொண்டுபோயிருக்கும்.

நாற்பத்தேழாவது வரி மட்டும் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் சித்தப்பாவின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. அதன்மேல் வேறொரு பெயர், வயது 17. அதற்குப் புள்ளி இல்லை. சித்தப்பா எண்பது வயதுவரை எங்களோடு இருந்தார்; எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

மறுத்திருந்தால் அப்பாவையே ரயிலேற்றியிருப்பார்கள் என்கிறார் என் தம்பி. பட்டியலுக்கு அது பொருந்தும். ஆனால் அந்தப் பிளேடை ஜப்பான்காரன் பிடிக்கவில்லையே.

தாய்லாந்தில் அந்த ரயில் பாதை ஓடிய காஞ்சனாபுரிக்குப் போய்வந்தேன். அங்கே நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள். புல்லைக்கூட அளவாக வெட்டியிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பதே ஒரு மதிப்பீடுதான். கைதிகளின் கணக்கை அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்துவைத்தாவது காப்பாற்றினார்கள். கூலிகளை யார் எண்ணினார்கள்?

அந்தப் பதினேழு வயதுப் பையனுடைய தங்கையின் பேத்தியைத் தேடிப் பிடித்தேன். போன மாதம் வீட்டுக்கு வந்தார். பெயரை விரலால் தடவி, "இவர் பெயர் எழுதிய காகிதம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை, ஐயா" என்றார். நகல் கேட்டார், கொடுத்தேன். நகலில் சுரண்டிய தடம் விழவில்லை. எனக்கும் அன்றைக்கு வாய் எழவில்லை.

இன்று நான் வானொலியில் பேசுவதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். கட்டாயம் கேட்பதாகச் சொன்னார்.