காரையில் எடுத்த கல்

(பெரம்பலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகச் சற்றே திருத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தக் கல்லை முன்வரிசையில் கொடுக்கிறேன். வாங்கித் தடவிப் பாருங்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். கூடம் முழுக்கச் சுற்றி வரட்டும். கனமாக இருக்கும், கீழே போட்டுவிடாதீர்கள்.

கடாவின் கொம்பு போலச் சுருண்டிருக்கிறது இல்லையா? பழைய எகிப்தில் அம்மோன் என்ற தெய்வத்துக்குக் கடாக் கொம்பு உண்டு. அந்தப் பெயரிலிருந்துதான், கல்லாகிப்போன இந்தப் பழங்காலக் கடல் உயிருக்கு அம்மோனைட் என்ற பெயர் வந்தது. பார்த்தவுடன் நத்தை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள் இருக்கும். உயிர் குடியிருப்பது வாயோரத்துக் கடைசி அறையில் மட்டும். உடம்பு வளர வளர, பின்னால் ஒரு சுவர் எழுப்பிவிட்டு முன்னால் நகர்ந்துகொள்ளும். எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் ஓடும். அதன் வழியாகக் காலி அறைகளின் நீரை உறிஞ்சி வெளியேற்றும், அந்த இடத்தில் வாயு நிரம்பும். அதனால்தான் இவ்வளவு கனமான ஓட்டைச் சுமந்துகொண்டும் அந்த உயிரால் மிதக்க முடிந்தது.

கல்லின் பக்கவாட்டில் முருங்கை இலைக் கொத்துபோல நெளிநெளியாகக் கோடுகள் தெரிகின்றனவா? உள்சுவர் ஓட்டோடு ஒட்டிய இடம் அது. இனத்துக்கு இனம் அந்த நெளிவு மாறும். ஒரு அம்மோனைட்டை அடையாளம் காண அதுவும் ஒரு கைரேகை.

சரி, கடல் பிராணிக்குப் பெரம்பலூரில் என்ன வேலை? இன்றைக்கு, இந்தக் கல்லை எடுத்த காரைக் கிராமத்திலிருந்து கடற்கரை நூறு கிலோமீட்டர் போல இருக்கும். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து விலகியபோது, இந்தப் பக்கத்து நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. முன்னும் பின்னுமாகப் பல கோடி ஆண்டுகள் இங்கேயே கிடந்தது. அதன் அடியில் படிந்த சேறும் மணலும் சிப்பிச் சுண்ணாம்பும்தான் ஊட்டத்தூர், காரை, அரியலூர் நிலம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குத் தோண்டுகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் கொடைதான். சாத்தனூர்க் கல்மரமும் அந்தக் கடலுக்கு அடித்து வரப்பட்ட மரம். அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் முற்றாக மறைந்தன.

காரைக்குப் போகாதவர்கள் ஒருமுறை போக வேண்டும். புல்லுக்கும் வழியில்லாத களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், நடுவே ஜிப்சம் பட்டைகள் வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல மின்னும். ஒவ்வொரு மழையும் கொஞ்சம் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகும், புதிதாகச் சில கற்கள் தலைகாட்டும். சுருண்டவை மட்டும் அல்ல. டூரிலைட்டிஸ் என்று ஒன்று, கோபுரம்போல முறுக்கி ஏறியிருக்கும். ஒரு ஐப்பசி மழைக்கு மறுநாள் காலையில், சாய்ந்த வெயிலில், களிமண்ணிலிருந்து பாதி எட்டிப்பார்த்த ஒரு சுருளை நான் முதன்முதலில் கண்டபோது, சற்று நேரம் தொடவே கை வரவில்லை. அது கடைசியாக வெளிச்சம் பார்த்தபோது பூமியில் மனிதனே கிடையாது.

இந்தக் கற்களை உலகம் அறிந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கற்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். எங்கிருந்து வந்த கற்கள் என்பதை மறவாமல், நம் தெய்வங்களின் பெயர்களையே வைத்தார்: பிரம்மா, இந்திரா, சூர்யா! அப்புறம் 1860-களில் ஸ்டோலிச்கா வந்தார். செக் நாட்டுக்காரர். கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்துகொண்டு நம் அம்மோனைட்டுகளைப் பெரிய நூலாகவே எழுதினார். 1874-இல் மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக் மலைகளில், 36 வயதில் இறந்துபோனார். கல்லறை லே நகரில் இருக்கிறது. 1890-களில் காஸ்மட் என்பவர் நம் கற்களை ஆராய்ந்து நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். வரகூரும் காரப்பாடியும் அப்படித்தான் அறிவியல் பெயர்கள் ஆயின. ஊட்டத்தூர் பெயரில் பின்னாளில் ஒரு பேரினமே வந்தது.

நம் பக்கத்துக் கல்லுக்கு வைத்த ‘இந்திரா’ என்ற பெயரைக் கனடாவின் மேற்குக் கரையிலும் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் சொல்கிறார்கள். அந்த இனம் அங்கேயும் கிடைக்கிறது. கடலில் வெகுதூரம் பரவி, குறுகிய காலம் வாழ்ந்து, வேறொன்றுக்கு இடம் விட்டுப் போன உயிர்கள் இவை. எனவே இரண்டு நாட்டுப் பாறைகளில் ஒரே அம்மோனைட் இருந்தால், அந்தப் பாறைகள் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஆனால் இதெல்லாம் எப்போது நடக்கும்? எந்த ஊரில், எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரிந்தால்தான் நடக்கும். அன்றைக்கு அந்த இருவரும் ஊரைக் குறிக்காமல் ஒரு சாக்கில் கொட்டி அனுப்பியிருந்தால், ஃபோர்ப்ஸ் என்ன எழுதியிருக்க முடியும்?

2020-இல் குன்னம் பக்கம் நீர்நிலையைத் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. வந்து பார்த்த அறிஞர்கள் முட்டை இல்லை என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அதில் வருத்தம் வேறு: பார்க்க வந்த கூட்டத்தில் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ! நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

சேகரிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். நிலம் யாருடையதோ அவரைக் கேளுங்கள். சாத்தனூர்க் கல்மரப் பூங்காவுக்குள் ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள். பாறையில் பதிந்திருப்பதை உளிவைத்துப் பெயர்க்கவே வேண்டாம், படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். உதிர்ந்து கிடப்பதை எடுக்கும் முன்னால் நிமிர்ந்து சுற்றிலும் பாருங்கள். மேட்டிலிருந்து உருண்டு வந்ததா, அங்கேயே இருந்ததா? கைபேசி காட்டும் இடக்குறியீட்டை நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகு கல்லைத் தொடுங்கள். செய்தித்தாளில் சுற்றி, எண் போட்டு, வீட்டில் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அமிலம் கிமிலம் எதுவும் வேண்டாம்.

கல் திரும்பி வந்துவிட்டது, நன்றி. அடியில் ஒன்றும் எழுதியிருக்காது, கவனித்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பில், அந்த ஐப்பசிக் காலையில் எடுத்தது. சட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். காரை என்பது நினைவிருக்கிறது, எந்த ஓடை, எந்த மேடு என்பது நினைவில்லை. பிற்பாடு பலமுறை போய்த் தேடினேன். மழை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அழகான கல்தான், ஆனால் அதைப் பற்றி இனி யாரும் எதுவும் எழுத முடியாது.

இது இரண்டாவது கல். சிறியது, ஒரு பக்கம் உடைந்தும் போயிருக்கிறது. மேலே 17 என்று வெள்ளை மையில் எழுதியிருக்கிறேன். நோட்டில் பதினேழாம் பக்கம்: “ஓடையின் இடது கரை. மேல் ஜிப்சம் பட்டைக்கு இரண்டு முழம் கீழே. களிமண்ணில் பாதி புதைந்திருந்தது, உருண்டு வந்ததல்ல. பக்கத்தில் பென்சில் முனைபோல இரண்டு துண்டுகள், எடுக்கவில்லை.”

இதையும் சுற்றுக்கு விடுகிறேன். நோட்டையும் சேர்த்தே தருகிறேன், இரண்டையும் பிரித்துவிடாதீர்கள்.