அறிவே தேற்றும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். கலங்கிய மனத்தைத் தேற்றப் பெரிதும் துணை நிற்பது கனிவா, அறிவா என்னும் வழக்கில் அறிவின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம் மாவட்டத்து வள்ளலாரைக் காட்டி, பிறர் பசி கண்டு உருகிய அந்த நெஞ்சுக்கு மேல் வேறென்ன வேண்டும் என்று கேட்டார். உருகியதோடு அவர் நின்றிருந்தால் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலை எழுந்திருக்காது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருப்பதற்கு, நாளையும் பசிக்கும் என்று முன்னறிந்து அதற்கு வழிசெய்த அறிவும் காரணமல்லவா?

கடலைக் கண்டு நடுங்கும் பிள்ளையிடம், "கரைப் பக்கமே போக வேண்டாம்" என்று சொல்வது கனிவுதான். ஆனால் விலக விலக அச்சம் வளரும். கூட ஒருவர் நின்று, முதலில் தொலைவிலிருந்து அலையைக் காட்டி, பின்பு ஈரமணலில் நடக்கவிட்டு, சிறுகச் சிறுகப் பழக்கினால்தான் அது தணியும்.

அச்சத்தைவிடக் கொடியது குற்றவுணர்வு. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் ஆழிப்பேரலைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, "நான்தான் அவனைக் கரைக்கு அனுப்பினேன்" என்று தன்னையே சபித்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். அவளை அணைத்துக்கொள்ளும் கை வேண்டும். முதல் நாளில் அது மட்டுமே போதும் என்றுகூட ஒப்புக்கொள்வேன். ஆனால் ஆண்டுகள் கழிந்தும் அவளை அரித்துக்கொண்டிருப்பது, தனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்னும் நினைப்பு. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து, அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று; அந்த நேரத்தில் நம்மை எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை; ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியதே 2007-இல்தான். கரையில் யாருக்கும் அறிவிக்கப்படாத செய்தி அவளுக்கு எப்படி எட்டியிருக்கும்? இதை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்கும்போதெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எதிரணியினர் அவளிடம் "உன் தவறில்லையம்மா" என்று கண்ணீரோடு சொல்வார்கள். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் திருப்பிக் கேட்டால், கண்ணீரைத் தவிர அவர்கள் என்ன விடை வைத்திருக்கிறார்கள் என்பதை நடுவர் அவர்கள் கேட்டறிய வேண்டும் என்று வேண்டி அமர்கிறேன். நன்றி.