கொட்டாங்குச்சிக் கரியில் மின்சாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்துக் களங்களில் கொப்பரை எண்ணெய் ஆலைக்குப் போனதும் மிஞ்சுவது கொட்டாங்குச்சி. அதைக் கரியாக்கி, அந்தக் கரியைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் நீராவியால் துளைத்தெடுத்தால் கிளர்வூட்டப்பட்ட கரி கிடைக்கும். குடிநீரை வடிகட்டுவதற்கும், சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடித்தெடுப்பதற்கும் இது போகிறது. இதே கரி மின்சாரத்தையும் தேக்கும்.

நல்ல கரி ஒரு கிராம் எடுத்து, அதன் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் 1,500 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறத்தாழ 37 சென்ட் நிலம். கரியைப் பசையுடன் குழைத்து அலுமினியத் தாளில் பூசி, அப்படி இரண்டு மின்முனைகளை உப்புக் கரைசலில் எதிரெதிரே வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அயனிகள் அந்தச் சுவர்களில் வந்து அண்டிக்கொள்ளும். பேட்டரியில் நடப்பதுபோன்ற வேதிவினை இங்கே இல்லை. அதனால் நொடிகளில் மின்னேற்றலாம். லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். இதுதான் மீமின்தேக்கி (சூப்பர் கெபாசிட்டர்).

ஆனால் கிலோவுக்கு அது தேக்கும் ஆற்றல் 5 முதல் 8 வாட்மணிதான். லித்தியம் பேட்டரியோ 150க்கு மேல் தரும். ஆகவே 'பேட்டரிக்கு மாற்று' என்று வரும் தலைப்புகளை நம்ப வேண்டாம். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைச் சேமிப்பது, காற்றாலை இறகுகளை அவசரத்தில் திருப்புவது போன்ற வேலைகளுக்கு இது பொருத்தம். ஷாங்காயில் 2006 முதல் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மின்னேற்றிக்கொண்டு ஓடிய பஸ்களும் உண்டு.

ஆய்விதழ்களைப் புரட்டினால் வாழைத்தோல், கரும்புச் சக்கை, உமி, வேப்பிலை என்று எல்லாவற்றிலும் கரி எடுத்திருக்கிறார்கள். சந்தையில் நிலைத்ததோ கொட்டாங்குச்சி. ஜப்பானின் குராரே நிறுவனம் விற்கும் ஒய்பி-50எஃப் என்னும் கரியோடுதான் பல ஆய்வுக்கூடங்கள் தம் கரியை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அதுவும் கொட்டாங்குச்சியில் செய்ததே. காரணம் சாம்பல். உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. காரத்தில் கரைத்து நீக்கியாக வேண்டும். கொட்டாங்குச்சியில் சாம்பல் மிகக் குறைவு; மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. கரி கெட்டியாக வரும்.

நீராவிக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சுட்டால் பரப்பு 3,000 சதுர மீட்டர்வரை ஏறும். கட்டுரையில் போட அழகான எண். ஆனால் அந்தக் கரி பொருபொருவென்று இடத்தை அடைக்கும்; ஒரு லிட்டர் கொள்ளளவில் எவ்வளவு தேங்குகிறது என்று பார்த்தால் ஆதாயம் கரைந்துவிடும். கரியைப்போலச் சில மடங்கு எடை காரம் வேண்டும், பிறகு அமிலத்தால் கழுவ வேண்டும். பசுமைத் தொழில்நுட்பம் என்று பெயர் சூட்டுமுன், கழுவிய நீர் எங்கே போகிறது என்று நான் கேட்பேன்.

பரப்பு மட்டும் போதாது; துளை அயனிக்கு அளவாக இருக்க வேண்டும். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த துளைக்குள் அயனி தன்னைச் சூழ்ந்த கரைப்பானை உதறிவிட்டு நுழைகிறது, தேக்கமும் கூடுகிறது என்று 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நம் ஆலைகள் கரியை அயோடின் எண் பார்த்து, அதாவது ஒரு கிராம் கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்று பார்த்து, விற்கின்றன. தண்ணீர் வடிகட்டிக்கு அது போதும். மின்முனைக்கு வாங்குபவர் இரும்பு எவ்வளவு, குளோரைடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கேட்பார். நீர் கலவாத கரிமக் கரைப்பானில் உப்பைக் கரைத்த கரைசலில் 2.7 வோல்ட்டில் இயங்கும் கலத்துக்குள் சிறிது ஈரம் புகுந்தாலும் வாயு உண்டாகிக் கலம் உப்பிவிடும். நீர்க் கரைசலுக்கு மாறினால் மின்னழுத்தம் 1 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எனவே திருத்தத்தைக் கரி சுடும் குழியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. திறந்த குழியில் சுட்டால் மண் கலக்கிறது, வெப்பம் ஒரே சீராக இருப்பதில்லை, புகை ஊரைச் சூழ்கிறது, தணிக்க ஊற்றும் நீர் நிலத்தில் இறங்குகிறது. மூடிய உலையில் மண் கலக்க வழியில்லை. வெளிவரும் வாயுவை எரித்தே கொதிகலனுக்கு வெப்பம் எடுக்கலாம். அந்த நீராவியே அடுத்த கட்டத்தில் கரியைத் துளைக்கும்.