மார்க் எடுத்தால் பரிசு கொடுக்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரு அம்மா அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். பையன் ஆறாவது படிக்கிறான். ஆண்டுத் தேர்வில் 90-க்கு மேல் எடுத்தால் சைக்கிள் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். எடுத்துவிட்டான். சைக்கிள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, அதற்குள் "அடுத்த பரீட்சைக்கு என்ன?" என்று கேட்கிறானாம். சின்னவள் நான்காவது. விழுந்து விழுந்து படித்தும் கணக்கில் 61தான். "அண்ணனுக்குச் சைக்கிள் வரும் அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, பரிசு கொடுப்பது சரியா தப்பா?" என்று முடித்திருக்கிறார்.

முதலில் அந்தச் சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. சொன்னது சொன்னதுதான். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "பரிசெல்லாம் கூடாதாம்" என்று இப்போது பின்வாங்கினால், இனி நீங்கள் எதைச் சொன்னாலும் அவன் நம்பமாட்டான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் பரிசு என்று சொல்கிறோமே, அதில் பாதிக்கு மேல் கூலி. "இவ்வளவு எடு, இது தருகிறேன்" என்று முன்னாலேயே பேசி வைத்தால் அது கூலிதான். வேலை முடிந்ததும் கூலி வாங்கியவன் அடுத்த வேலைக்கு என்ன கூலி என்று கேட்பது நியாயம்தானே? உங்கள் பையன் பேராசைக்காரன் இல்லை. நீங்கள் தொடங்கிவைத்த பேரத்தை ஒழுங்காகத் தொடர்கிறான், அவ்வளவுதான்.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இதை அழகாகக் காட்டும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முதலிலேயே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைத் திடீரென்று கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அதே ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்னாலேயே பேசி வைத்துச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. இரண்டு பக்கமும் கிடைத்தது ஒரே சான்றிதழ்தான், கவனியுங்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது. 90 எடுத்தால் கைக்கடிகாரம் என்றார் என் அப்பா. 87 வந்தது. விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரின் அறை வாசலில் போய் நின்றேன். "சார், இந்தப் படிக்கு ஒரு மார்க் போடலாமே, இதற்கு அரை மார்க்" என்று கெஞ்சினேன். அவர் தரவில்லை. அந்தத் தாளில் எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது. குறைந்த 3 மார்க் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மார்க்குக்கு விலை வைத்தால் பிள்ளையின் கண் மார்க்கிலேயே நிற்கும். காப்பி அடிப்பது, தோற்ற தாளை ஒளித்து வைப்பது எல்லாம் இந்தப் பாதையில்தான் வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மார்க் பிள்ளையின் கையில் முழுதாக இல்லை. ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார வல்லுநர் அமெரிக்காவில் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர்களுக்கு உண்மையிலேயே பணம் கொடுத்துப் பார்த்தார். 2011-இல் முடிவுகள் வெளியாயின. நியூயார்க்கில் தேர்வு மார்க்குக்குப் பணம். மார்க் ஏறவில்லை. இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்போம், விடையைச் சரிபார்ப்போம் என்றுதான் சொன்னார்கள். பாடத்தைப் படிப்போம், புரியாததை ஆசிரியரிடம் கேட்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆசை இருந்தது, வழி தெரியவில்லை. டல்லாஸில் வேறு மாதிரி: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாசித்து அதில் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 2 டாலர். அங்கே ஓரளவு பலன் தெரிந்தது. அதுவும் ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளிடம்தான், ஸ்பானிஷில் எழுதியவர்களிடம் இல்லை. ஆகவே இதையும் மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று புரிகிறது, புத்தகத்தைத் திறந்து வாசி என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட என்ன செய்வதென்று தெரியும். 90 எடு என்றால் தெரியாது.

அப்படியானால் எதுவுமே கொடுக்கக் கூடாதா? அப்படி நான் சொல்லமாட்டேன். வாய்ப்பாடு மனப்பாடம் செய்வது போன்ற சலிப்பான வேலைக்குச் சின்னதாக ஏதாவது வைத்து இழுப்பதில் பெரிய கெடுதல் இல்லை. அதில் கெட்டுப்போக ஏற்கெனவே ஆசை ஒன்றும் இல்லையே! பழக்கம் வந்ததும் மெல்ல நிறுத்திவிடுங்கள். பிள்ளை தானாக ஆசைப்பட்டுச் செய்வதற்கு மட்டும் விலை வைக்காதீர்கள். கதைப் புத்தகத்தை விடாமல் வாசிக்கிற குழந்தைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

பாராட்டுக்கும் இதே கதைதான். கரோல் டுவெக், கிளாடியா முல்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து எளிதான புதிராகப் பார்த்துக் கேட்டார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர், தப்பு வந்தாலும் பரவாயில்லை என்று, புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியதைக் கேட்டார்கள். பின்னால் தங்கள் மார்க்கை எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். பொய்! பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பையன் "அடுத்த பரீட்சைக்கு என்ன?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். "அந்தச் சைக்கிளோடு பேரம் முடிந்தது, இனி எனக்குத் தோன்றும்போது தருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். முகத்தைத் தூக்குவான். ஒரு மாதம் தாங்குங்கள். அப்புறம் ஒருநாள், மார்க்கோடு சம்பந்தமில்லாமல், அவன் முட்டி மோதி ஒரு கணக்கைப் போட்டு முடித்த சாயங்காலம், எல்லோருமாக வெளியே போய் வாருங்கள். தங்கையும் கூட வரட்டும்.

சின்னவள் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போன தேர்வில் அவள் எவ்வளவு எடுத்தாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. 48-இலிருந்து 61-க்கு வந்திருந்தால், அண்ணன் 91-இலிருந்து 92-க்குப் போனதைவிட அது பெரிய ஏற்றம். அந்த இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளோடு உட்காருங்கள். போன தடவை விட்டுவிட்ட எந்தக் கணக்கை இந்தத் தடவை போட்டிருக்கிறாள், எப்படிப் போட்டாள் என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அண்ணன் அப்போது சைக்கிளில் வெளியே போயிருந்தால் இன்னும் நல்லது.

சரி, அடுத்த கேள்வி.