மாட்டார் என்றால் முடியாதா?

எல்லாருக்கும் வணக்கம். வாலிபர் கூட்டம் என்றால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும், அதனால் நானே அதை முதலில் எடுத்துவிடுகிறேன். சர்வ வல்லவரான கடவுளால் தம்மாலேயே தூக்க முடியாத ஒரு கல்லைப் படைக்க முடியுமா? படைத்தால் தூக்க முடியாது, தூக்க முடிந்தால் அந்தக் கல்லைப் படைக்கவில்லை, எந்தப் பக்கம் போனாலும் அவரால் முடியாதது ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு நண்பன் இதைக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் போனேன். "இதெல்லாம் யோசிக்காதே, ஜெபம் பண்ணு" என்றார். பண்ணினேன், கேள்வி அப்படியேதான் இருந்தது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் இந்த மாதிரிக் கேள்விகளை நிதானமாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். நம் ஊர் உதாரணத்திலேயே சொல்கிறேன். முயற்கொம்பு என்கிறோம், மலடி மகன் என்கிறோம் (பழைய தர்க்க உதாரணம், சொல் கடுமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்). இரண்டும் இல்லாதவைதான், ஆனால் ஒரே மாதிரி இல்லாதவை அல்ல. கொம்புள்ள முயல் இல்லை, அவ்வளவுதான். கடவுள் நினைத்தால் நாளைக்கே ஒன்றைப் படைக்கலாம். பிள்ளையே பெறாதவள் பெற்ற பிள்ளை என்பது அப்படியா? அங்கே சொல் இருக்கிறது, படைப்பதற்குப் பொருள் இல்லை. அக்குவினாஸ் சொல்வது இதுதான்: முரண்பாட்டைக் கடவுளால் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்படவே முடியாதது என்று சொல்வது பொருத்தம். எதையும் தூக்க வல்லவரால் தூக்க முடியாத கல்லும் அந்த வகைதான்.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. 1630இல் பிரெஞ்சுத் தத்துவஞானி தேக்கார்த்து தன் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதங்களில், ஒரு ராஜா தன் நாட்டுக்குச் சட்டம் போடுவதைப்போலக் கணித உண்மைகளையும் கடவுள்தான் போட்டார் என்கிறார். கேட்க பக்தியாக இருக்கிறது. எனக்கென்னவோ ஆபத்தாகப் படுகிறது, ஏனென்றால் சட்டம் போட்டவர் அதை மீறவும் முடியும், முரண்பாடும் அவருக்குச் சாத்தியம் என்று வைத்துக்கொண்டால், கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றியும் காப்பாற்றாமலும் ஒரே நேரத்தில் இருக்கலாம், அப்புறம் எதை நம்பி ஜெபிப்பது?

வேதமே கடவுளைப் பற்றி 'முடியாது' என்று சொல்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2 தீமோத்தேயு 2:13. கிரேக்க மூலத்தில் அவர் தம்மைத் தாமே மறுதலிக்க 'இயலாதவர்' என்று இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'மறுதலிக்கமாட்டார்'. மொழிபெயர்த்தவர்கள் மென்மையாக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, 'மாட்டாமை' என்றாலே தமிழில் இயலாமைதானே? பாட்டி நடக்கமாட்டாமல் நடந்து வந்தாள் என்கிறோம், நடக்க விருப்பமில்லாமல் வந்தாள் என்றா அர்த்தம்? விருப்பமின்மையும் இயலாமையும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தம்மை மறுதலிக்காதது, அதாவது பொய் சொல்லாதது, கடவுளுக்கு ஒரு பலவீனம் அல்ல, வெளியிலிருந்து யாரும் அவர் வாயைக் கட்டவும் இல்லை. அவர் யார் என்பதே அந்த 'மாட்டார்'.

ஆனால் 'மாட்டார் என்றால் முடியாது' என்பதை எல்லா இடத்துக்கும் நீட்டினால் வம்பு. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோ மடத்தில், சாப்பாட்டு மேசையிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. கற்பிழந்த கன்னியைக் கடவுளால் மறுபடி கன்னியாக்க முடியாது என்று பழைய திருச்சபைத் தந்தை ஜெரோம் எழுதியிருந்தார். மடத் தலைவர் தெசிதேரியுஸ் அதற்குச் சமாதானம் சொன்னார்: அவர் விரும்பவில்லை, அதனால்தான் முடியாது. விருந்துக்கு வந்திருந்த பீட்டர் தமியான் என்ற துறவி விடவில்லை. விரும்பாததெல்லாம் முடியாதது என்றால், இதுவரை செய்யாத எதையுமே கடவுளால் செய்ய முடியாது என்றாகிவிடுமே! இன்று மழை பெய்யவில்லையென்றால், பெய்ய வைக்க அவரால் முடியாது என்றா சொல்வீர்கள்? ஊருக்குத் திரும்பி இதையே ஒரு நீண்ட கடிதமாக எழுதினார்.

நான் தமியான் பக்கம், ஏனென்றால் சிலுவைக்கு முந்தின இரவில், பாடுகளின் பாத்திரத்தை எடுத்துவிடும்படி கெத்செமனே தோட்டத்தில் இயேசு பிதாவிடம் ஜெபித்தபோது சொன்னது மாற்கு 14:36இல் இருக்கிறது: "எல்லாம் உம்மாலே கூடும்." கூடும் என்றுதான் சொன்னார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. பொய் சொல்லமாட்டார் என்பதில் இருக்கிற 'மாட்டார்' இங்கே இல்லை. முடியும், ஆனாலும் செய்யவில்லை. ஏன் என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். கேள்வி இருக்கிறவர்கள் கேளுங்கள், கல்லைத் தவிர.