குறுந்தாள் ஏற்றை

(நெல்லையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பன்றியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். சுடலைமாடன் கொடைக்குப் பன்றி நேர்ந்துவிடுகிற ஊரும் நம் பக்கம்தான் இருக்கிறது, அதன் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற தெருவும் நம் பக்கம்தான் இருக்கிறது.

எழுதுவது பன்றி, வாயில் வருவது பன்னி. கொச்சை என்று வெட்கப்பட வேண்டாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குள் இறங்கினால் மலையாளத்தில் பன்னி என்றே எழுதுகிறார்கள். கன்னடத்தில் ஹந்தி. நம் பால் அங்கே ஹாலு ஆகவில்லையா, அப்படித்தான்.

சரி, தீனி போட்டுக் கொழுக்க வைத்த பன்றிக்கு என்ன பெயர்? சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் தொண்டை நாட்டுக் கள் காய்ச்சும் வீடு ஒன்று வருகிறது. பெண்கள் கிண்ணம் கழுவிய தண்ணீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. குட்டிகள் அதில் புரள்கின்றன. ஆண் பன்றி மட்டும் குழிக்குள் நிற்கிறது. பெட்டையோடு சேரவிடாமல், பல நாள் நெல் மாவைத் தின்னக் கொடுத்து வளர்த்தது. வழிப்போக்கனான பாணனுக்கு அதன் கொழுத்த கறியும் கள்ளும் கிடைக்குமாம். அந்தப் பன்றியைப் புலவர் 'குறுந்தாள் ஏற்றை' என்கிறார்.

ஏற்றை என்பது பன்றிக்கு மட்டும் உரிய சொல் அல்ல. ஆற்றல் உள்ள ஆண் எதற்கும் அது பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல். ஏறு தழுவுதலில் வருகிற ஏறு இதற்கு உறவு. பழைய சொற்பொருள் நூலான நிகண்டில் பன்றிக்கு எறுழி என்றும் ஒரு பெயர் உண்டு. எறுழ் என்றால் வலிமை. ஆக, பெயரெல்லாம் பலத்தைச் சொல்கிறதே தவிர, கொழுப்பைச் சொல்லவில்லை. அப்புறம் கொழுப்பு எங்கே? 'குறுந்தாள்', அதாவது குட்டைக் கால், என்பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வயிறு தொங்கினால் கால் குட்டையாகத்தானே தெரியும்!

இன்று பண்ணைகளில் ஆண் குட்டியைச் சின்னதிலேயே காயடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கறியில் வாடை வரும். அந்தச் சங்கப் பாட்டிலோ கத்தி இல்லை, குழிதான். அதனால்தான் குழிக்குள் நின்றாலும் அது ஏற்றை. காயடித்த வெள்ளைப் பன்றியை அப்படிக் கூப்பிட்டால் தொல்காப்பியர் ஒப்பமாட்டார்.